பிரசாதத்தை வாங்காத அக்கா

கேள்வி: எனக்கு 49 வயது. குடியாத்தத்தில் இருக்கிறோம், வீட்டுக்காரர் லுங்கித் தறி வைத்திருக்கிறார். அக்கா காட்பாடியில், என்னைவிட ஐந்து வயது மூத்தவள். மூன்று வருடத்துக்கு முன் மாமாவுக்குக் கணையம் வீங்கி வேலூர் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தார், பிழைப்பதே சந்தேகம் என்றார்கள். நான் கெங்கையம்மனுக்கு நேர்ந்துகொண்டு ஒரு மண்டலம் விளக்குப் போட்டேன். என் பெண்ணுக்குப் பிரசவ நேரம், அதனால் நேரில் போய் கூட இருக்க முடியவில்லை. மாமா தேறிவிட்டார். ஆனால் ஆஸ்பத்திரியில் பழக்கமான சில பெண்களோடு அக்கா ஜெபக்கூட்டத்துக்குப் போக ஆரம்பித்து, இப்போது முழுசாக அந்தப் பக்கம் போய்விட்டாள். பொட்டு இல்லை, விபூதி இல்லை. கோயில் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தால் தொடுவதில்லை. நாம் கும்பிடுவது சாமி இல்லை, பேய் என்று என் பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள். போன வருடம் சிரசுத் திருவிழாவுக்கு வந்தவளை வாசலிலேயே நிறுத்தி "பொட்டு வச்சுக்கிட்டு உள்ள வா" என்றேன். அப்படியே திரும்பிப் போய்விட்டாள். அம்மாவுக்கு 78 வயது, எங்களோடு இருக்கிறார். தனக்கு ஒன்று ஆனால் பெரியவள் காரியத்துக்கு வருவாளா என்று தினமும் அழுகிறார். இன்னும் மூன்று வாரத்தில் வைகாசி ஒன்று, திருவிழா நாள். அக்காவைக் கூப்பிடுவதா, தலைமுழுகிவிடுவதா? அவளை எப்படித் திருப்பிக் கொண்டுவருவது?

பதில்: நீங்கள் எழுதியது நாலு பக்கம், மேலே சுருக்கித்தான் கொடுத்திருக்கிறேன். மூன்று தடவை படித்தேன். சாமி, பொட்டு, பொங்கல், பேய் எல்லாவற்றையும் தாண்டி ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். மூன்றாம் பக்கத்தில், பேத்தி பிறந்த கதைக்கு நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், "நேரில் போய் கூட இருக்க முடியவில்லை" என்று. அந்த வரி உங்கள் மனதை எவ்வளவு நாளாக அறுத்துக்கொண்டிருக்கிறதோ தெரியவில்லை, அதனால்தான் அதை நீங்களே வேகமாகக் கடந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். உங்களைக் குற்றம் சொல்ல இதை எடுக்கவில்லை. பெற்ற பெண் வலியில் கிடக்கும்போது எந்தத் தாயும் அவளை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போக மாட்டாள். நானாக இருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

ஆனால் அந்த இரண்டு மாதத்தை அக்கா பக்கத்திலிருந்து ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். நான் வேலூரிலேயே இருபது வருடத்துக்கு மேலாகக் குடும்ப ஆலோசனை வேலை பார்க்கிறேன், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே காத்திருக்கும் மனைவிமார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உள்ளே போய்ப் பார்க்கச் சில நிமிடம்தான் விடுவார்கள். மீதி நாள் முழுக்க வராந்தாவில்தான், மடியில் ஃபைல், முந்தானை முடிச்சில் பணம், எப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களோ என்று காது மட்டும் கதவுப் பக்கம் இருக்கும். சுற்றிலும் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு வார்த்தை பேசலாம் என்றால் பாஷை தெரியாது. சாப்பிடப் போன நேரத்தில் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று சாப்பாட்டுக்கே போகாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். அந்த மாதிரி ஒரு மதியம் யாரோ ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீங்க போய் சாப்பிட்டு வாங்கம்மா, நான் இங்கேயே இருக்கேன், கூப்பிட்டா போன் பண்றேன்" என்று சொன்னால் அது சாதாரண வார்த்தை இல்லை. உங்கள் அக்காவிடம் அப்படி யார் சொன்னார்கள், என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது என்றுதான் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட நீங்கள் அதைக் கேட்கவில்லை.

கூட இருப்பது அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்காதீர்கள். நம் வேலூர் பாகாயத்தில் 1957ல் தொடங்கிய மனநல மையத்தில், நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவரும் வந்து தங்குவதைப் பல காலமாகச் சிகிச்சையின் பாகமாகவே வைத்திருக்கிறார்கள். மருந்து கொடுப்பது ஒரு பக்கம் என்றால், நம் மனுஷர் ஒருவர் கண்ணெதிரே உட்கார்ந்திருப்பது இன்னொரு பக்கம்.

ஒன்று எச்சரிக்கையாகச் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு "ஓ, ஆறுதலுக்காகத்தான் அக்கா அங்கே போனாள், நாம் ஆறுதல் கொடுத்தால் திரும்பி வந்துவிடுவாள்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அக்காவிடம் போய் அப்படிச் சொல்லியும் வைக்காதீர்கள், அதைவிடப் பெரிய அவமானம் வேறு இல்லை. கஷ்டத்தில் பிறந்த பக்தி என்பதற்காக அது பொய்யாகிவிடாது. நீங்கள் ஒரு மண்டலம் விளக்குப் போட்டதும் கஷ்டத்தில்தானே? யாராவது வந்து "பயத்தில் போட்ட விளக்கு அது, உண்மையான பக்தி இல்லை" என்று சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அக்கா ஏசுவை உண்மையாகவே நம்புகிறாள் என்று வைத்துக்கொண்டே பேச்சை ஆரம்பிக்க வேண்டும்.

அப்புறம் அந்தக் கணக்கு. மாமாவைக் காப்பாற்றியது நான் போட்ட விளக்கா, அவர்கள் செய்த ஜெபமா என்று நீங்கள் நேராக எழுதவில்லை, ஆனால் நாலு பக்கத்திலும் அது ஓடுகிறது. நான் நேர்ந்துகொண்டேன், அம்மன் கொடுத்தாள், நன்றி மட்டும் வேறு இடத்துக்குப் போய்விட்டது என்ற வலி அது. எனக்கு அது புரிகிறது. நாற்பத்தெட்டு நாள் விடியற்காலையில் எழுந்து, வீட்டில் பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு நடந்து போய் விளக்குப் போட்டவளிடம் ஒரு வார்த்தை, "நீயும் எனக்காக நின்னியேடி" என்று அக்கா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒருவேளை நீங்கள் விளக்குப் போட்டதே அவளுக்குத் தெரியாதோ? தெரியும் என்றே நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், கடிதத்தில் எங்கேயும் அவளிடம் சொன்னதாக இல்லை. இதையும் விசாரியுங்கள். யார் காப்பாற்றியது என்ற வழக்கை மட்டும் விட்டுவிடுங்கள், அதில் இன்னொரு கட்சியாக அங்கே ராத்திரி பகலாக ஊசியும் டிரிப்பும் போட்ட டாக்டர்களும் நர்ஸம்மாக்களும் இருக்கிறார்கள், அது எந்தக் கோர்ட்டிலும் தீராது.

உங்கள் ஊர்த் திருவிழாவைப் பற்றியே கொஞ்சம் பேசலாமா? நான் சின்ன வயதிலிருந்து எத்தனையோ வைகாசி ஒன்றுக்கு வந்திருக்கிறேன். தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து சிரசு, அதாவது அம்மன் தலை, கிளம்பி, வழியெல்லாம் தேங்காய் உடைபட்டு, மாலை மேல் மாலை விழுந்து, கௌண்டன்யா ஆற்றைத் தாண்டி கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலுக்கு வந்து சேரும். அங்கே அந்தத் தலையை ஒரு உடலில் பொருத்துவார்கள். அது யார் உடல் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுத்தம் கெட்டுவிட்டது என்று சொந்தப் புருஷனே தீர்ப்புச் சொல்ல, பெற்ற மகன் பரசுராமன் வெட்ட வருகிறான். ரேணுகாதேவி ஓடுகிறாள். சொந்தபந்தம் யாரும் கதவைத் திறக்கவில்லை. ஊருக்கு வெளியே வைக்கப்பட்டிருந்த ஒரு பெண் ஓடி வந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள், அவள் தலையும் சேர்ந்து விழுந்தது. திரும்ப உயிர் கொடுக்கும்போது தலை மாறிவிட்டது. அன்று ஆபத்தில் கட்டிப்பிடித்தவள் உடம்பில்தான் இன்றைக்கும் நம் அம்மன் தலை உட்காருகிறது, லட்சம் பேர் அதைத்தான் கையெடுத்துக் கும்பிடுகிறோம். (அந்த உடம்புக்காரியின் சனத்தை நாம் மீதி நாளெல்லாம் எப்படி நடத்தினோம் என்பது வேறு பேச்சு, அதையும் ஒரு நாள் பேசத்தான் வேண்டும்.)

எனக்கு உங்கள் கடிதத்தைப் படித்ததும் இந்தக் கதைதான் வந்து நின்றது. வராந்தாவில் உங்கள் அக்காவைக் கட்டிப்பிடித்தவர்கள் வேறு யாரோ. அவர்களுடைய பாட்டு, அவர்களுடைய ஜெபம், அவர்கள் பேசும் தினுசு எல்லாம் இப்போது அவள் உடம்போடு ஒட்டிவிட்டது. பார்க்க வேறு ஆள் மாதிரி இருக்கிறாள், உங்களுக்குப் பயமாக இருக்கிறது. முகத்தைப் பாருங்கள் தாயி. சின்ன வயதில் உங்களுக்குத் தலை பின்னிவிட்ட அதே அக்காதான்.

சரி, பொட்டுக்கு வருகிறேன். இதில் உங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, மறைக்கவில்லை. காட்பாடியிலிருந்து ரயில் ஏறி, திருவிழாக் கூட்டத்தில் நெரிந்து, வெயிலில் வாசலுக்கு வந்தவளுக்கு முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும். அவள் அன்றைக்கு வந்தது எதற்கு? தன் புது நம்பிக்கைப்படி பார்த்தால் அந்தத் தெருவுக்கே அவள் வந்திருக்க வேண்டியதில்லை. ஜெபக்கூட்டத்து ஆட்கள் யாராவது பார்த்து "நீங்க ஏன் அங்க போனீங்க" என்று கேட்டிருக்கக்கூடும், அதையும் மீறித்தான் அம்மாவையும் உங்களையும் பார்க்க வந்திருக்கிறாள். வேலூர்க்காரர்களுக்கு நெற்றி விஷயம் புதிதும் இல்லை. சிப்பாய்கள் நெற்றியில் குறி போடக் கூடாது, தாடியை எடுக்க வேண்டும், தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை போட வேண்டும் என்று வெள்ளைக்காரக் கம்பெனி உத்தரவு போட்டதும் 1806 ஜூலை 10 அன்று நம் கோட்டைக்குள் ரத்தம் ஓடிய காரணங்களில் ஒன்று. போடாதே என்பதும் போட்டால்தான் உள்ளே விடுவேன் என்பதும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. அவரவர் நெற்றி அவரவருடையது. அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் நீங்கள் அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். "அன்னிக்கு வாசல்ல அப்படிச் சொன்னது தப்பு அக்கா" என்று ஒரு வரி போதும், அதோடு "ஆனா நீயும்" என்று ஒரு வால் ஒட்டாமல்.

பொங்கல் கதை அவ்வளவு கஷ்டமில்லை. தூக்கில் கொண்டுபோன பொங்கலை மூடிகூடத் திறக்காமல் ஜன்னல் திண்டில் வைத்தாள், கிளம்பும்போது அப்படியே கையில் கொடுத்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். முந்திரியும் நெய்யும் போட்டுச் செய்தவளுக்கு அது முகத்தில் அடித்த மாதிரிதான் இருக்கும். ஆனால் அவள் தள்ளி வைத்தது உங்களையா, படையலையா என்று யோசித்தீர்களா? பேரணாம்பட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கமெல்லாம் நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு, உங்கள் அம்மாவிடம் கேட்டால் சொல்வார். பக்கத்து பாய் வீட்டுக்குத் தீபாவளிப் பலகாரம் கொடுக்க வேண்டும் என்றால், சாமிக்குப் படைப்பதற்கு முன்னாலேயே ஒரு தட்டில் தனியாக எடுத்து வைத்துவிடுவோம். படைத்ததை அவர்கள் சாப்பிட மாட்டார்கள் என்று தெரியும், அதற்காக யாரும் மனம் நோகவில்லை, பெருநாளைக்கு அங்கிருந்து பிரியாணி வந்துகொண்டுதான் இருந்தது. அடுத்த தெருவுக்குச் செய்ததைக் கூடப் பிறந்தவளுக்குச் செய்ய மனம் வரவில்லை என்றால் ஏன் என்று கேட்டுப் பாருங்கள். அவளிடம் நாம் எதிர்பார்ப்பது அதிகம், அதனால்தான்.

இதில் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்ற கேள்வி கிறிஸ்தவர்களுக்குள்ளேயே கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருடமாக இருக்கிற கேள்வி. பைபிளில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் எட்டாவது அதிகாரத்திலும் பத்தாவது அதிகாரத்திலும் இதைப் பற்றித்தான் பேசுகிறார். நம்பிக்கை இல்லாதவர் வீட்டில் விருந்துக்குக் கூப்பிட்டால் பரிமாறியதைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு என்கிறார், ஆனால் இது படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொல்லிவிட்டால் சாப்பிடாதே என்கிறார். அக்கா முறுக்கிக்கொண்டு உங்களைச் சீண்டுகிறாள் என்று நினைக்காதீர்கள், அவளுக்கு அது பெரிய கேள்வி என்று புரிந்துகொள்ளத்தான் இதைச் சொன்னேன். தயவு செய்து இந்த அதிகாரத்தைத் தூக்கிக்கொண்டு போய் "உங்க புஸ்தகத்திலேயே போட்டிருக்கு பார்" என்று அவளிடம் வாதம் பண்ண வேண்டாம்.

பேய் என்று சொன்னதை மட்டும் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஏற்றுக்கொள்வது என்றால் வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வது என்று யார் சொன்னது? அவள் நெற்றி அவளுடையது என்றால் உங்கள் அம்மன் உங்களுடையவள். குழந்தை பெற்று வீட்டுக்கு வந்த பெண்ணிடம் போய், நீ கும்பிடுவது பேய் என்று சொல்வது அன்பும் இல்லை, ஊழியமும் இல்லை. தப்பு. இதை அக்காவிடம் நேராகச் சொல்லுங்கள், சுற்றி வளைக்காதீர்கள், யார் மூலமாகவும் சொல்லி அனுப்பாதீர்கள், வாட்ஸப்பில் எழுதவே எழுதாதீர்கள். நான் சொல்வதாக இருந்தால் இப்படிச் சொல்வேன்: "அக்கா, நீ யாரைக் கும்பிட்டாலும் எனக்கு நீ அக்காதான். நீ கும்பிடறதை நான் ஒரு வார்த்தை தப்பாப் பேச மாட்டேன். என் அம்மனை நீ பேய்னு சொன்னா எனக்கு நெஞ்சு வலிக்குது. என் பொண்ணுகிட்ட இனிமே அப்படிப் பேசாதே." அழுகை வந்தால் வரட்டும். அவள் பதிலுக்கு "நீங்க நரகத்துக்குப் போயிடுவீங்களோன்னு பயந்துதான் சொன்னேன்" என்றுகூடச் சொல்லலாம், நான் பார்த்த நிறையப் பேர் உண்மையாகவே அந்தப் பயத்தில்தான் பேசுகிறார்கள். அப்போதும் பயத்தைப் புரிந்துகொள்ளுங்கள், வார்த்தையை ஒத்துக்கொள்ளாதீர்கள். திரும்பவும் பேசினால் "அக்கா, நாம இதைப் பேசிட்டோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து காபி போடப் போய்விடுங்கள்.

அம்மாவின் காரியம் பற்றி நீங்களும் அக்காவும் ஊகித்துக்கொண்டு சண்டை போடுவதைவிட, உயிரோடு இருக்கிற அம்மாவிடமே கேட்டுவிடலாம். என் கணிப்பில் அவருக்கு வேண்டியது பெரியவள் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்பதுதான். சடங்கில் எதைச் செய்வாள், எதைச் செய்ய மாட்டாள் என்பதை அக்காவே சொல்லட்டும். கால் பிடித்துவிடவும் கண்ணீர் விடவும் எந்த மதமும் தடை சொல்லவில்லை.

கடைசியாக, எப்படித் திருப்பிக் கொண்டுவருவது என்று கேட்டீர்கள். அதற்கு என்னிடம் வழி இல்லை, இருந்தாலும் சொல்ல மாட்டேன். அதற்குப் பதிலாக எங்கள் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். எங்கள் அப்பா கருப்புச் சட்டைக்காரர், கடவுள் இல்லை என்று மேடை போட்டுப் பேசியவர். அம்மாவுக்கு முருகன் இல்லாமல் பொழுது விடியாது. கல்யாணமான புதிதில் கூடத்தில் மாட்டியிருந்த முருகன் படத்தை அப்பா கழற்றி வைத்துவிட்டாராம், அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். எனக்கு நினைவு தெரிந்தபோது நிலைமை வேறு. ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரிக்கு அம்மாவை அழைத்துப் போவது அப்பாதான். மலை ஏற மாட்டார். அடிவாரத்தில் வேப்பமரத்தடியில், அம்மாவின் செருப்பை ஒரு மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அம்மா இறங்கி வந்ததும் "கூட்டமா? கால் வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பை எடுத்துக் காலடியில் வைப்பார். சாமியைப் பற்றி ஒரு கேள்வி வராது. அம்மாவும் அப்பா நெற்றிப் பக்கம் விபூதிக் கையை ஒரு நாளும் நீட்டியதில்லை. நடுவில் எத்தனை வருடம், எத்தனை சண்டை ஆனது என்று எனக்குத் தெரியாது. ஒரே நாளில் வந்திருக்காது என்று மட்டும் தெரியும். உங்களுக்கும் இந்த மூன்று வாரத்தில் வந்துவிடாது.

அதனால் இந்தத் திருவிழாவுக்குக் கூப்பிடுவதை இப்போதைக்கு ஒத்தி வையுங்கள். முதலில் நீங்கள் போங்கள். ரயிலில் காட்பாடி அரை மணி நேரம்தானே. வீட்டுக்காரர் வேண்டாம், பெண் வேண்டாம், தனியாகப் போங்கள். பொங்கல் வேண்டாம், அக்காவுக்குப் பிடித்த ஏதாவது வாங்கிப் போங்கள், உங்கள் தறியில் நெய்த லுங்கி ஒன்று மாமாவுக்கு எடுத்துப் போங்கள். வாசல் விஷயத்துக்கு மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம் அந்தக் கேள்வி: "மாமா ஆஸ்பத்திரியில இருந்தப்போ ராத்திரியெல்லாம் உன் கூட யாருக்கா இருந்தாங்க?" கேட்டுவிட்டு, அவள் ஏசு என்றாலும் ஜெபம் என்றாலும் சாட்சி என்றாலும் நடுவில் பேசாமல் முழுசாகக் கேளுங்கள், ஒரு மணி நேரம் ஆனாலும் சரி. அதன் பிறகு நீங்கள் விளக்குப் போட்ட கதையைச் சொல்லலாம். பேய் விஷயத்தை அன்றைக்கே பேச வேண்டாம், அடுத்த தடவை போகும்போது பேசுங்கள்.

கிளம்பும்போது, வைகாசி ஒன்றுக்கு வந்தால் அம்மா சந்தோஷப்படுவார், சிரசு பார்க்க வேண்டாம், வீட்டில் அம்மாவோடு இருந்தால் போதும், படைக்காத சாப்பாடு தனியாக எடுத்து வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். வருவாளா மாட்டாளா என்று அப்போதே பதில் வாங்கப் பார்க்காதீர்கள். அன்றைக்குக் காலையில் சாமிக்கு இலை போடுவதற்கு முன்னால் ஒரு தூக்கில் அவள் பங்கை எடுத்து மூடி வைத்துவிடுங்கள். வரவில்லை என்றால் மறுநாள் அம்மாவை அழைத்துக்கொண்டு நீங்கள் காட்பாடிக்குப் போய்விட்டு வந்து, என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.